பெரியவரின் செருப்பு

"என் செருப்பு எங்கே?"

"அது இனிமே உங்க செருப்பு இல்லைங்க."

"பதினோரு வருஷமா என் கால்ல கிடந்தது, அது என்..."

"மெதுவாப் பேசுங்க, மேல ஆளுங்க வேலை செய்யறாங்க, காதுல விழுந்தா..."

"...செருப்பு இல்லைன்னா வேற யாரு செருப்பு?"

"பெரியவரோடது."

"எந்தப் பெரியவர்?"

"இந்த ஸ்டேடியத்தைக் கட்டினவரு. வாசல்ல சிலையா நிக்கிறாரே, அவரு."

"அந்த ஆளு செத்து நாப்பது வருஷம் ஆச்சேடி."

"அதனாலதான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுட்டாங்க."

புல்லுக்காரர் வெறுங்காலோடு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். ஸ்டேடியத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முப்பத்து மூன்று வருஷமாக அந்த மைதானத்துப் புல்லுக்குத் தண்ணீர் காட்டி, வெட்டி, நோய் பார்த்து வளர்ப்பவர். அவருடைய சம்சாரத்தை எல்லாரும் வலையக்கா என்பார்கள். கோல் கம்பத்து வலை கிழிந்தால் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஆட்டக்காரர்கள் உதைத்துக் கிழித்தது பாதி, எலி கடித்தது பாதி.

"நாற்காலி எங்கே?"

"அதுவும் போயிடுச்சு. போகலை, இங்கேயேதான் இருக்கு. அந்த மூலையில. ஆனா நீங்க உக்காரக் கூடாது."

"நான் உப்புத் தண்ணியில கால் வைக்கிற டப்பு?"

"பெரியவருக்கும் கால் வலியாம்."

"யாரு சொன்னது?"

வலையக்கா ஒரு தட்டை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினாள். ஏற்கனவே சுற்றிய தட்டுதான். இன்னொரு சுற்று சுற்றினாள்.

"யாரு சொன்னதுன்னு கேட்டேன்."

"நான்தான்."

அவர்கள் வீடு கிழக்கு கேலரிக்குக் கீழே இருந்தது. மேலே ஜனங்கள் உட்காரும் படிக்கட்டுகள்தான் கீழே இவர்களுக்குக் கூரை. அதனால் கூரையும் தலைகீழ்ப் படிக்கட்டாக இறங்கிவரும். வாசல் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம். அடுப்பு பக்கம் குனிய வேண்டும். கடைசி மூலையில் அரிசி டின்னை எடுக்கத் தவழ்ந்துதான் போக வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் வலையக்கா ஏழு தடவை தலையை இடித்துக்கொண்டாள். எட்டாவது தடவை குனிந்துவிட்டாள். அன்றிலிருந்து அது அவள் வீடு.

முப்பது வருஷத்தில் அவள் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எல்லா ஆட்டத்தின் முடிவும் தெரியும். நம்ம அணி கோல் போட்டால் மேலே பத்தாயிரம் கால் ஒரே நேரத்தில் குதிக்கும். கூரையிலிருந்து மாவு சலித்த மாதிரி தூசி விழும். எதிரணி போட்டால் ஒரு துளி விழாது. பெனால்ட்டி கொடுத்தார்கள் என்று சத்தத்திலேயே கண்டுபிடித்து, பால் சட்டியை மூடிவிடுவாள். ஒரு வருஷம் அணி ரொம்ப மோசமாக ஆடியது. அந்த வருஷம் வீடு பளிச்சென்று இருந்தது.

அந்த வீட்டைத்தான் இப்போது காலி செய்துகொண்டிருந்தார்கள்.

விஷயம் இரண்டு மாதம் முன்னால் தொடங்கியது. ஸ்டேடியத்துக்கு ஐம்பது வயதாகிறது, விழா எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று கிளப்பில் முடிவு செய்தார்கள். ஒரு இன்ஜினியர் சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்து நாலு கேலரியையும் சுற்றினார். அந்த நேரம் வலையக்கா மேற்குப் பக்கக் கோலில் வலை தைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது வீட்டு வாசல் சுவரில், ஆள் உயரத்துக்கு, சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

இடிக்கப் போகிறார்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். காரணம் இருந்தது. புல்லில் எங்காவது திட்டுத்திட்டாக நோய் வந்தால் புல்லுக்காரர் சுண்ணாம்பை அள்ளி அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். மறுநாள் காலை அந்தத் திட்டு மண்வெட்டியோடு பேர்ந்து வெளியே போகும். முப்பது வருஷமாக அவள் பார்த்த பெருக்கல் குறிகளில் ஒன்றுகூட மறுநாள் மத்தியானம்வரை உயிரோடு இருந்ததில்லை.

இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெட்ட வருகிறவனிடம் கத்தி கூராக இருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா?

அவள் யோசித்துக்கொண்டு நின்ற மூன்றாம் நாள், கதவுக்கு வெளியே ஒரு குரல்.

"கொஞ்சம் குடிக்கத் தண்ணி கிடைக்குமாம்மா?"

கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். தோளில் பை, சட்டைப் பையில் மூன்று பேனா. கிளப்புக்காக விழாப் புத்தகம் எழுதுகிறாராம். வரலாற்றுக்காரர் என்று கிளப் செயலாளர் சொல்லியிருந்தார்.

"இந்த ஸ்டேடியத்தோட பின்னணியைத் தேடிக்கிட்டிருக்கேன்மா. பேப்பர்ல பெரிசா ஒண்ணும் கிடைக்கலை. பெரியவர் நிலம் கொடுத்தார்னு ஒரு வரி, திறப்பு விழாவுல மழைன்னு ஒரு வரி. அவ்வளவுதான். இதை வச்சுக்கிட்டு நூத்தி அறுபது பக்கம் எப்படி எழுதறது?"

வலையக்காவுக்கு அந்தப் பின்னணி தெரியும். அவள் மாமனார் சொன்னது. நூத்தி அறுபது பக்கத்துக்கு வராது, ஆறு வரிக்குத்தான் வரும். பெரியவருக்குச் செங்கல் சூளை இருந்தது. இருபது வருஷம் அந்த இடத்தில் களிமண் தோண்டினார். பாதி நகரம் அந்தக் குழியிலிருந்துதான் வீடாகி எழுந்தது. மண் தீர்ந்ததும் குழி மிச்சம். குழியில் தண்ணீர் தேங்கி, கொசு பெருகி, சுற்றியிருந்தவர்கள் மனு மேல் மனு போட்டார்கள். குழியை மூடு, இல்லாவிட்டால் வழக்கு என்று நகராட்சி சொன்னது. அவ்வளவு பெரிய குழியை மூடக் கட்டுப்படி ஆகாது என்று பார்த்த பெரியவர், அடுத்த வாரமே அதை இளைஞர்களின் விளையாட்டுக்காக மனமுவந்து வழங்கிவிட்டார். குழியின் சரிவிலேயே கேலரியைக் கட்டினார்கள். சூளைக்குக் காவல் இருந்த மாமனாரைச் சிமெண்ட் மூட்டைக்குக் காவல் வைத்தார்கள். சிமெண்ட் தீர்ந்தது. அவரைப் போகச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். இந்த வீடாகிவிட்ட சிமெண்ட் குடோன் எந்த வரைபடத்திலும் இல்லை; அதனால் அதில் குடியிருந்தவர்களும் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஐம்பது வருஷம் அவர்களைக் காப்பாற்றியது அதுதான்.

இதெல்லாம் அவள் நாக்கின் நுனிவரை வந்தது. அப்போது வாசல் சுவரில் அந்தச் சிவப்புக் குறி தெரிந்தது.

"உள்ள வந்து உக்காருங்க சார்," என்றாள். "பெரியவர் உக்காந்த இடம்தான்."

மூன்று பேனாவில் ஒன்று வெளியே வந்தது.

"பெரியவரா? இங்கேயா?"

"எங்க மாமனார் சொல்லுவாரு. சாயங்காலம் ஆனா வந்துடுவாராம். தனியா. அதோ அந்த வென்டிலேட்டர் வழியாக் குழியைப் பாத்துக்கிட்டே இருப்பாராம்."

"அப்போ நாற்காலி?"

வலையக்கா சுற்றிலும் பார்த்தாள். வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. நடுவர் அறையில் கால் உடைந்து தூக்கிப் போட்டதைப் புல்லுக்காரர் கம்பி கட்டி எடுத்து வந்தது.

"இதேதான்."

"கால் உடைஞ்சிருக்கே."

"அவரு கொஞ்சம் கனமான ஆளு."

வரலாற்றுக்காரர் எழுதினார். அவர் எழுத எழுத அவளுக்கும் தைரியம் வந்தது. பொய் சொல்வது வலை தைப்பது மாதிரிதான் என்று கண்டுகொண்டாள். ஒரு முடிச்சு விழுந்துவிட்டால் அடுத்தது எங்கே விழ வேண்டும் என்று தானாகத் தெரிகிறது. இல்லாத மனிதருக்குப் பழக்கவழக்கங்கள் வேண்டுமே, எங்கே போவாள்? தெரிந்த ஆண்பிள்ளை ஒருவர்தான். புருஷனுடைய கால் வலியைப் பெரியவருக்குக் கொடுத்தாள். உப்புத் தண்ணீரைக் கொடுத்தாள். வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பையும் கொடுத்தாள். டீயை ஆறவைத்து மறந்துபோய்ப் பிறகு ஆறிவிட்டது என்று கோபப்படும் குணத்தையும் கொடுத்தாள்.

"அவர் ஏதாவது சொல்லுவாராம்மா? அந்தக் குழியைப் பாத்து?"

"'இந்தப் பள்ளம் ஒரு நாள் நிரம்பத்தான் போகுது'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாராம்."

வரலாற்றுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

அவருக்கு வேண்டியதெல்லாம் கிடைத்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சுவரை இடிக்கக் கூடாது. அதுவும் கிடைத்தது. மூன்றே வாரத்தில் செயலாளரே நேரில் வந்தார். காகிதத்தைப் பிரித்தார்.

"இந்த அறையை யாரும் தொடக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாச்சும்மா. ஒரு செங்கல்கூட நகராது."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"பெரியவர் இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். நினைவு அறை."

"நல்லது சார்."

"அதனால நீங்க மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

அவளுக்கு முதலில் புரியவில்லை. செயலாளர் பொறுமையாக விளக்கினார். நினைவு அறையில் ஆள் குடியிருந்தால் அது எப்படி நினைவு அறையாகும்? ஊரின் அந்தக் கோடியில், மூணாவது மாடியில், இவர்களுக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் ஆறு மணிக்கு. புல்லுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியது நாலு மணிக்கு.

"அது என்னோட கவலை இல்லைம்மா," என்றார் செயலாளர். "பாரம்பரியம்னா சும்மாவா?"

மறுநாளே வலையக்கா வரலாற்றுக்காரரின் வீட்டுக்குப் போனாள். புத்தகம் அச்சாகி மேஜைமேல் அடுக்கியிருந்தது.

"சார், நான் சொன்னது எல்லாம் நானாக் கட்டிவிட்டது."

"எதும்மா?"

"பெரியவர் வந்தது, உக்காந்தது, கால் வலி, எல்லாம். அவரு அந்தப் பக்கம் வந்ததே இல்லை."

வரலாற்றுக்காரர் கோபப்படவில்லை. புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார்.

"அடிக்குறிப்பு பன்னிரண்டைப் பாருங்க. 'சூளைக் காவலாளியின் மருமகள் வாய்மொழியாகக் கூறியது.' ஆதாரம் இருக்கேம்மா."

"அந்த மருமகளே நான்தான் சார். நான்தான் இல்லைன்னு சொல்றேன்."

"சொல்லுவீங்க. வீடு போகுதுன்னு இப்போ சொல்லுவீங்க. அன்னிக்கு உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை, தானா வந்த வார்த்தை. எது நம்பகமானது? நீங்களே சொல்லுங்க."

"சார், அந்தப் பள்ளம் நிரம்பும்னு சொன்னது என் வீட்டுக்காரரு. கிழக்கு மூலையில சாக்கடை அடைச்சுக்கிச்சு, மழை வந்தா தண்ணி நிக்கும்னு சொன்னாரு."

"'இந்தப் பள்ளம் ஒரு நாள் மக்களின் ஆரவாரத்தால் நிரம்பும்'," என்று படித்தார் வரலாற்றுக்காரர். "பித்தளையில வெட்டக் கொடுத்தாச்சும்மா. ஆரவாரத்தால்ங்கிறது மட்டும் நான் சேர்த்தது. அது இல்லாம வாக்கியம் நிக்கலை."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஒரு புத்தகமும் கொடுத்தார், இலவசமாக.

அதன்பிறகு பத்து நாள் புருஷனிடம் அவள் எதையும் முழுசாகச் சொல்லவில்லை. மேலிடத்து உத்தரவு என்றாள். எல்லாம் விதி என்றாள். செருப்பு போன அன்றுதான் நூல் பிரிந்து முழு வலையும் கையோடு வந்துவிட்டது. கேட்டு முடித்த புல்லுக்காரர் ரொம்ப நேரம் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேட்கறேன். எதுக்கு அந்தாளைக் கொண்டுவந்து என் வீட்டுல உக்கார வச்சே?"

"இடிக்கப் போறாங்கன்னுதான்."

"யாரு சொன்னா?"

"சொல்லணுமா? சுவத்துல அவ்வளவு பெரிசா பெருக்கல் குறி போட்டிருக்கே."

புல்லுக்காரர் எழுந்து வெறுங்காலோடு வெளியே போனார். மேலே இன்ஜினியர் படிகளை அளந்துகொண்டிருந்தார். அவரிடம் விசாரித்துவிட்டுக் கால் மணி நேரத்தில் புல்லுக்காரர் திரும்பி வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இடிக்கறதுக்கு வட்டமாம்."

"என்ன?"

"இடிக்க வேண்டிய சுவருக்கு வட்டம் போடுவாங்களாம். பெருக்கல் போட்டா இங்க கையே வைக்காதீங்கன்னு அர்த்தமாம். கேலரியோட பாரம் முழுக்க இந்தச் சுவத்துமேலதான் நிக்குதாம். நாம நூறு வருஷம் இருந்தாலும் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பாத்திருக்க மாட்டாங்களாம்."

வலையக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

"நீங்கதானே," என்றாள், "புல்லுல பெருக்கல் போட்டுப் போட்டுத் தோண்டினீங்க."

"அதான் பாத்தேன். எங்க சுத்தியும் கடைசியில என் தலையிலதான் வந்து விழும்னு தெரியும்."

"நீங்களும் வட்டம் போட்டிருந்தா..."

"போட்டிருக்கலாம். தெரியாமப் போச்சு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அவள் தட்டைத் திரும்பவும் கையில் எடுத்தாள். அப்புறம் புல்லுக்காரர், "எட்டாம் நம்பர் செருப்பு. அந்தாளு கால் என்ன அளவோ," என்றார். வலையக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக அவர் அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.

விழா நாள் காலை. வாசல் சிலைக்கு மாலை போட்டார்கள். குடும்பம் முந்தாநாளே மூணாவது மாடிக்குப் போய்விட்டது. ஆனால் நினைவு அறையைத் தூசி தட்ட ஆள் வேண்டும் என்று வலையக்காவைச் செயலாளர் வரச் சொல்லியிருந்தார். அறையைப் பற்றி அவளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்றார். அது மட்டும் உண்மை.

அவள் வீட்டுக்குள் அவள் ஒரு துடைப்பத்தோடு ஓரமாக நின்றாள். குறுக்கே சிவப்புக் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அடுப்பு, கட்டில், டப்பு, கம்பி கட்டிய நாற்காலி. நாற்காலி மேல் 'அமரக் கூடாது' என்று அட்டை. கண்ணாடிப் பெட்டிக்குள் செருப்பு, குதிகாலில் பச்சையாகப் புல் கறையோடு. சுவரில் பித்தளைப் பலகை. வெளியே புல்லுக்காரர் கிளப் கொடுத்த புது ஷூவைப் போட்டுக்கொண்டு, நெருப்பின்மேல் நிற்பவர் மாதிரி கால் மாற்றி மாற்றி நின்றார்.

செயலாளர் ஒரு அம்மாளை அழைத்து வந்தார். பெரியவருடைய பேத்தி. வயதானவர், முழங்கால் வலி போலிருக்கிறது. கைத்தடியை ஊன்றி ஊன்றி நடந்தார். உள்ளே நாலு அடி வைத்ததும் கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

"குனிஞ்சு வாங்கம்மா," என்று வலையக்காவின் வாய் தானாகச் சொன்னது.

"இதுதாங்க உங்க தாத்தா தினமும் வந்து உக்காந்த இடம்," என்றார் செயலாளர். "இது அவரோட செருப்பு."

பேத்தி பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எங்க தாத்தா செருப்பு போட்டதே இல்லையே. ஷூதான். தூங்கறப்ப மட்டும்தான் கழட்டுவாரு."

"கால் வலிக்கு வசதியா இருக்கும்னு இங்க வர்றப்ப..."

"தூசின்னா அவருக்கு ஆகாது. தும்மித் தீர்த்துடுவாரு. சூளைக்கு வந்தாக்கூடக் காரை விட்டு இறங்க மாட்டாரு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பேசிட்டுக் கிளம்பிடுவாரு. நான் மடியில உக்காந்து பாத்திருக்கேன்."

"புத்தகத்துல ஆதாரத்தோட இருக்குங்க," என்றார் செயலாளர். "அடிக்குறிப்பு பன்னிரண்டு."

பேத்தி அடுப்பைப் பார்த்தார். அதன் மேல் சுவரில் புகை படிந்த கறையைப் பார்த்தார். கட்டில் சட்டத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆன இரண்டு இடங்களைப் பார்த்தார். அப்புறம் வாசலில் கால் மாற்றி நிற்கிறவரின் ஷூவைப் பார்த்தார். கடைசியாக வலையக்காவைப் பார்த்தார்.

"யாரு செருப்பும்மா இது? இங்க யாரு இருந்தது?"

செயலாளர் வலையக்காவை முறைத்தார். மேலே முதல் ஆட்டத்துக்கு ஜனம் வந்து உட்காரத் தொடங்கியிருந்தது. கூரை லேசாக அதிர்ந்தது. பேத்தி வலி தாங்காமல் தடியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார்.

வலையக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். சிவப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றிக் கீழே விட்டாள். குனிய வேண்டிய இடத்தில் பார்க்காமலே குனிந்து உள்ளே போனாள். நாற்காலி மேலிருந்த அட்டையை எடுத்தாள். கம்பி கட்டிய கால் ஆடாதபடி அதைச் சுவரோரம் நகர்த்திப் போட்டு, முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள்.

"முதல்ல உக்காருங்கம்மா. வீட்டுக்கு வந்தவங்களை நிக்க வச்சுப் பேசி எனக்குப் பழக்கமில்லை."